விரல் மிஸ் விடுப்பில் இருந்த ஐந்து மாதம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். இருக்கட்டும். எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேருக்கு அது எங்கேயுமே கிடையாது. தலையை ஆட்டி ஆட்டிக் கழுத்து எலும்பு தேய்ந்தவர்கள்தான் அதிகம். விரல் மிஸ்ஸுக்கு அங்கே நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடுகிறது. அதனால் இதை ஆற அமர எல்லாம் சொல்ல முடியாது.

விரல் மிஸ் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஒன்றாம் வகுப்பில் இரண்டு பிரிவு. ஒன்று எனக்கு, இன்னொன்று அவளுக்கு. நடுவில் சுவர் கிடையாது, ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தும்மினால் இந்தப் பக்கம் என் பிள்ளைகள் திரும்பிப் பார்ப்பார்கள். காலையில் முதல் பாடம் தொடங்கியதும் அவள் குரல் கேட்கும்: "விரல் எங்கே?" படிக்கிற சொல்லுக்குக் கீழே விரல் இருக்க வேண்டும். விரல் ஓரிடம், வாய் ஓரிடம் என்றால் அவள் விடமாட்டாள்.

அவள் வேலை செய்கிற விதம் எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிள்ளைகளைச் சேர்ந்து படிக்கவே விடமாட்டாள். தன் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி முக்காலி போட்டு, ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டு உட்கார வைப்பாள். புத்தகத்தில் இருக்கிற படத்தை ஓர் அட்டைத் துண்டால் மூடிவிடுவாள். படத்தைப் பார்த்து 'ஆடு' என்று சொல்கிற பிள்ளைக்கு ஆடு தெரியும், படிக்கத் தெரியும் என்று சொல்ல முடியாது என்பாள். இருபத்தெட்டுப் பிள்ளை, ஆளுக்கு இரண்டு நிமிடம். மற்றவர்கள் அதுவரை படம் வரைந்து வண்ணம் தீட்டுவார்கள். "ஏன் இப்படி உசிரை விடுறே? சேர்த்துச் சொல்ல வெச்சா சீக்கிரம் முடியுமே" என்று ஒரு முறை கேட்டேன். "சேர்ந்து சொல்றப்ப யாருக்குத் தெரியுது, யாருக்குத் தெரியலைன்னு எனக்கே தெரியாதே அக்கா" என்றாள். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அன்று முதல் நானும் என் வகுப்பில் ஒரு முக்காலி போட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை.

வயிறு இறங்கி, குனிந்து ஒரு பென்சில் எடுக்க முடியாத நிலை வந்த பிறகுதான் அவள் விடுப்பில் போனாள். போகும்போது ஒரு நோட்டு எழுதி வைத்துவிட்டுப் போனாள். பிள்ளைக்கு ஒரு பக்கம். யார் எந்த எழுத்தில் தடுக்குகிறார்கள், யாருக்கு அவசரம், யார் வெட்கத்தில் வாயைத் திறப்பதில்லை, எல்லாம் அதில் இருந்தது. பதிலுக்கு வருகிறவளிடம் கொடுக்கச் சொல்லிப் பெரிய மேடத்தின் கையில் கொடுத்தாள். பெரிய மேடம் எங்கள் தலைமையாசிரியை. அந்த நோட்டு ஐந்து மாதம் அவருடைய பீரோவில் நிம்மதியாகத் தூங்கியது.

பதிலுக்கு வந்தவள் நல்ல பெண். இப்போதுதான் படிப்பை முடித்துவிட்டு வந்தவள். குரல் வளம் உண்டு. எல்லாவற்றையும் ராகம் போட்டுச் சொல்லுவாள். அதனால் பிள்ளைகளுக்கு அவள் பாட்டு மிஸ். வாசிப்புப் புத்தகத்தை முதல் பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை ராகமாக்கிவிட்டாள். "ஆ...டு இலை தின்றது! அம்...மா கதவைத் திறந்தாள்!" தினமும் இருபத்தெட்டுத் தொண்டை. பெரிய மேடம் நடைபாதையில் நின்று கேட்டுப் பூரித்துப்போவார். வருகிற பெற்றோரையெல்லாம் அந்தக் கதவுப் பக்கமாகக் கூட்டிவந்து, "கேளுங்க, ஒண்ணாங் கிளாஸ்! தண்ணி பட்ட பாடா படிக்கிறாங்க" என்பார்.

ஒரு நாள் மார்க்கர் பேனா கடன் வாங்க நான் அந்த வகுப்புக்குள் போனேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெண் மூடின புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஜன்னலில் போகிற எறும்பைப் பார்த்தபடி, ஒரு வார்த்தை பிசகாமல் 'படித்துக்கொண்டிருந்தாள்'. பக்கத்துப் பையன் புத்தகத்தைத் தலைகீழாக வைத்திருந்தான். நான் மார்க்கரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அந்த நேரம் விரல் மிஸ்ஸுக்குக் குழந்தை பிறந்து பதினைந்து நாள்கூட ஆகவில்லை. சொல்லலாமா என்று கைப்பேசியைக் கையில் எடுத்தேன். பாவம், பச்சை உடம்பு, இப்போது எதற்கு என்று வைத்துவிட்டேன். பெரிய மேடத்திடம் சொல்லியிருக்கலாம். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் அதையும் செய்யவில்லை. மூன்று மாதம் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அந்தப் பாட்டைக் கேட்டேன். என் பிள்ளைகளுக்கே அது மனப்பாடம் ஆகிவிட்டது.

குழந்தைக்கு மூன்றரை மாதம் முடிந்ததும் அவள் திரும்பி வந்தாள். முதல் நாள் முதல் பாடம். "விரல் எங்கே?" என்று கேட்டாள். அவ்வளவுதான், பாட்டு தொடங்கிவிட்டது. அவள் நிறுத்தச் சொன்னாள். பிறகு, "எல்லாரும் புத்தகத்தை மூடுங்க. இப்போ சொல்லுங்க" என்றாள். பன்னிரண்டு பக்கம் தடுக்காமல் ஓடியது.

இடைவேளையில் என்னிடம் வந்தாள். முகம் சுண்டிப்போயிருந்தது. "அக்கா, ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலை. நான் போறப்போ ஆறு பேர் தனியா படிச்சாங்க. அவங்களும் இப்போ மறந்துட்டாங்க" என்றாள்.

"அப்படியா?" என்றேன். புருவத்தைக்கூட உயர்த்தினேன். நடிப்புக்குப் பரிசு கொடுப்பதாக இருந்தால் அன்று எனக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அவள் நேராகப் பெரிய மேடத்திடம் போனாள். நானும் கூடப் போனேன், துணைக்கு என்ற பெயரில் வாசலில் நின்றேன். பெரிய மேடம் பொறுமையாகக் கேட்டார். அவர் கோபப்பட்டுப் பேசவே மாட்டார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காதது.

"இங்க பாரும்மா, இன்னும் அஞ்சு வாரத்துல பெற்றோர் தினம். பிள்ளைங்க புத்தகத்தைப் படிச்சுக் காட்டுவாங்கன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. நீ இப்போ வந்து ஒண்ணும் தெரியலைங்கறே."

"தெரியலை மேடம். வேற ஒரு தாளைக் கொடுத்தா ஒரு வரி வராது."

"வீட்ல கைக்குழந்தை. உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம்? ஒண்ணு செய்யேன். நூலக அறையைப் பார்த்துக்கோ. புத்தகத்துக்கு நம்பர் போட்டு அடுக்குற வேலைதான். நேரத்தோட வீட்டுக்குப் போகலாம். கிளாஸை பதிலுக்கு வந்த பொண்ணே பார்த்துக்கட்டும்."

"வேலையைக் குறைக்கச் சொல்லி நான் கேக்கலையே மேடம்."

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். சரி, பெற்றோர் தினம் வரைக்கும் பார். அன்னிக்குப் பிள்ளைங்க சரியா படிச்சாங்கன்னா கிளாஸ் உனக்கு. இல்லேன்னா நூலகம்."

நல்லது, நல்லது என்று சொல்லியே ஆளை மூலையில் உட்கார வைக்கிற வித்தை சிலருக்குப் பிறவியிலேயே வந்துவிடும்போலிருக்கிறது. வெளியே வந்தவள் நடைபாதைக் கைப்பிடியை இறுக்கப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரவிக்கை முன்பக்கம் நனைந்திருந்தது. பால் கொடுக்கிற நேரம் தாண்டியிருந்தது.

அதிலும் ஒரு கொடுமை. தினமும் பதினொரு மணிக்கு அவளுடைய நாத்தனார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பள்ளி வாசலுக்கு வருவாள். முதல் நாள் வாட்ச்மேன் உள்ளே விட்டுவிட்டார். மறுநாள் அவருக்குத் திட்டு விழுந்தது. குழந்தையைப் பள்ளிக்குள் கொண்டுவரக் கூடாதாம், பெற்றோர் பார்த்தால் நன்றாக இருக்காதாம். ஒரு குழந்தை பள்ளிக்கூடத்துக்குள் இருப்பதைப் பார்த்தால் பெற்றோருக்கு என்ன ஆகிவிடும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆகவே அவள் இருபது நிமிட இடைவேளையில் சாலையைக் கடந்து எதிரில் இருக்கிற நகல் எடுக்கும் கடைக்கு ஓடுவாள். கடைக்காரம்மா காகிதக் கட்டுகளை அடுக்கி ஒரு மறைப்பு செய்து, உள்ளே ஒரு ஸ்டூலும் போட்டுக் கொடுத்திருந்தார். இயந்திரத்தின் சூட்டில், மை வாசனையில், அங்கேதான் பால் கொடுத்தாள்.

அங்கேதான் எழுதவும் செய்தாள். ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பேனா. அந்தப் பிள்ளைகள் அதுவரை கண்ணாலும் காணாத மூன்று நான்கு வரி. 'குடையில் ஓட்டை. தாத்தா நனைந்தார். நனையவே இல்லை என்று பொய் சொன்னார்.' படம் கிடையாது. அதை இருபத்தெட்டு நகல் எடுத்துக்கொண்டு ஓடிவருவாள். ஒரு நாள் கொடுத்த தாளை மறுநாள் கொடுக்கமாட்டாள். பிள்ளைகள் அதையும் ராகம் போட்டுவிடுவார்கள் என்கிற பயம். நாத்தனார் வாய்த்துடுக்குக்காரி. "அண்ணி, உங்க பிள்ளை பால் குடிக்குதா, பேனா மை குடிக்குதான்னு ஒரு தரம் பார்த்துக்கோங்க. நாளைக்கு நீலக் கலர்ல ஏப்பம் விடப்போகுது" என்பாள். வீட்டில் அவளுடைய புருஷன், லிஃப்ட் பழுது பார்க்கிறவர், "பேசாம லீவை நீட்டிக்கோயேன்" என்றாராம். "அங்க படிக்கத் தெரியாத இருபத்தெட்டுப் பேர் இருக்காங்க, இங்க ஒருத்தன்தான்" என்று அவள் சொன்னாளாம். அன்று முதல் அவர் மாலையில் குழந்தையைக் குளிப்பாட்டுகிற வேலையை மட்டும் தானே எடுத்துக்கொண்டார்.

பெற்றோர் சும்மா இருப்பார்களா? அவர்களுக்குக் கைப்பேசியில் ஒரு குழு உண்டு, எங்களையும் அதில் சேர்த்திருந்தார்கள். அதில் ஓர் அம்மா. ஒரு நாளைக்கு நாற்பது தகவல் போடுவார். ஆசிரியர்கள் எங்களுக்குள் அவருக்கு வைத்த பெயர் மெசேஜ் அம்மா. எறும்பு பார்த்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பெண்ணின் அம்மா. 'முன்னே இருந்த மிஸ் இருந்தப்போ என் பொண்ணு மணி மணியா படிச்சா. இப்போ மூணு வரிக்கு மூக்கால அழறா. இந்த மிஸ்ஸுக்குக் கவனமெல்லாம் வீட்டுலதான் இருக்கு' என்று போட்டார். கீழே பத்துப் பேர் கட்டை விரல் காட்டியிருந்தார்கள். படித்தவர்கள், அதில் ஆறு பேர் அம்மாக்கள்.

அதைப் படித்த அன்று விரல் மிஸ் வகுப்பில் ஒரு பையனிடம் கத்திவிட்டாள். ஒரே சொல்லை நாலு தரம் தப்பாகச் சொன்னான் என்பதற்காக. தடுப்புக்கு இந்தப் பக்கம் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மதியம் அவனைக் கூப்பிட்டு, "மிஸ் கத்தினது தப்பு" என்று அவள் சொன்னதும் கேட்டது. "பரவால்ல மிஸ், எங்கம்மா தினமும் கத்துவாங்க" என்றான் அவன்.

பாட்டு நின்றுபோனதால் தடுப்புக்கு அந்தப் பக்கம் இப்போது சத்தமே இருக்காது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் ஒரு பிள்ளை மட்டும் தனியாகத் திக்கித் திணறி ஒரு சொல்லை மென்றுகொண்டிருப்பது கேட்கும். மூன்றாவது வாரம் ஒன்பது பேர் தாளைத் தனியாகப் படித்தார்கள். நாலாவது வாரம் பதினாறு. பெரிய மேடம் நடைபாதையில் நின்று, ஒன்றும் கேட்காமல், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போவார்.

பெற்றோர் தினத்தன்று வகுப்பு நிரம்பி வழிந்தது. குட்டி நாற்காலிகளில் பெரிய பெரிய ஆட்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். நான் பின்னால் நின்றேன். விரல் மிஸ் அன்றைய தாளை எடுப்பதற்குள் பெரிய மேடம் முன்னால் வந்து, "குழந்தைகளே, புத்தகத்தை எடுங்க" என்று தானே கையை ஆட்டித் தொடங்கிவைத்தார். பழைய பழக்கம் விடுமா? "ஆ...டு இலை தின்றது!" ஐந்து வாரம் வாயை மூடியிருந்த பாட்டு கூரையைப் பிய்த்துக்கொண்டு கிளம்பியது. பெற்றோர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். விரல் மிஸ் கரும்பலகைப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

மெசேஜ் அம்மா மகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து, பூரித்துப்போய், தன் மகளின் புத்தகத்தை எட்டிப்பார்த்தார். அவள் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டாள். பக்கத்தில் பெரிதாகப் பேருந்துப் படம். அவள் வாயோ, "அம்மா கதவைத் திறந்தாள்" என்றது.

"ஏய், இரு. எங்கடி கதவு? இங்க பஸ்ஸுல்ல இருக்கு?" என்றார் அந்த அம்மா.

பாட்டு இரண்டு வரி தானாக ஓடி, பிறகு அங்கங்கே அறுந்து நின்றது. அந்த அம்மா பேருந்துப் பக்கத்தில் ஒரு சொல்லைக் காட்டி, "இது என்ன?" என்றார். மகள் விழித்தாள். பக்கத்திலிருந்த ஓர் அப்பா தன் மகனின் புத்தகத்தைப் பிடுங்கி அவனைச் சோதிக்கத் தொடங்கினார். ஒரு நிமிடத்தில் வகுப்பே சந்தைக்கடை ஆகிவிட்டது.

"ஆறேழு மாசமா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று மெசேஜ் அம்மா விரல் மிஸ்ஸைப் பார்த்துக் கத்தினார்.

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் பெரிய மேடம் சொன்னார். வழக்கமான அந்தப் பொறுமைக் குரல். "எல்லாரும் கொஞ்சம் புரிஞ்சுக்கணும். மிஸ்ஸுக்குப் பிரசவ விடுப்பு. நடுவுல போயிட்டு நடுவுல வந்தாங்க. அதான் பிள்ளைங்க படிப்பு தடைப்பட்டுப்போச்சு. நாங்க ஏற்கெனவே மாத்து ஏற்பாடு யோசிச்சு வெச்சிருக்கோம்."

"குழந்தை பெத்துக்கறவங்களுக்கு எதுக்கு ஒண்ணாங் கிளாஸ்?" என்றார் ஓர் அப்பா. அவருக்கு மூன்று பிள்ளை.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றி எரிந்தது. "மேடம், பொய் சொல்லாதீங்க" என்றேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். "இந்தப் புத்தகம் மனப்பாடம் ஆனது அவங்க இல்லாதப்போ. நான் பக்கத்து ரூம்லதான் இருந்தேன். தினமும் கேட்டேன். ஒரு நாள் உள்ள வந்து என் கண்ணால பார்த்தேன், மூடின புத்தகத்தை வெச்சுக்கிட்டுப் படிச்சாங்க. அவங்க எழுதிக் கொடுத்துட்டுப் போன நோட்டு உங்க பீரோவுலதான் இருக்கு. வந்த அன்னிக்கே இவங்க உங்ககிட்ட சொன்னாங்க, நான் வாசல்ல நின்னேன்."

மெசேஜ் அம்மா மெதுவாகக் கேட்டார்: "அப்போ என் பொண்ணுக்குப் படிக்கவே தெரியாதா?"

"தெரியும். மெதுவா தெரியும். இந்தப் புத்தகத்தைப் பார்த்தா மட்டும் வாய் தானா ஓடும்" என்றாள் விரல் மிஸ். ஒரு தாளை எடுத்து அந்தப் பெண்ணிடம் கொடுத்தாள். "இது இன்னிக்குக் காலையில எழுதினது. யாரும் பார்த்ததில்லை. விரல் எங்கே?"

அந்தப் பெண் விரலை வைத்தாள். 'பூனைக்குக் காய்ச்சல். மருந்து கசந்தது. மருத்துவரைப் பிறாண்டியது.' மூன்றே வரி. அதைப் படித்து முடிக்க அவளுக்கு மூன்று நிமிடம் ஆனது. 'மருத்துவரை' என்ற இடத்தில் இரண்டு தரம் நின்று, உதட்டைக் கடித்து, திரும்ப முதலிலிருந்து வந்தாள். நடுவில் பெரிய மேடம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மெசேஜ் அம்மா திரும்பிப் பார்க்காமலே கையைத் தூக்கி அவரை அடக்கினார். முடித்ததும் அந்தப் பெண் தலையைத் தூக்கி, "எதுக்கு மிஸ் டாக்டரைப் பிறாண்டுச்சு?" என்று கேட்டாள்.

அன்று மாலையே பெற்றோர் கூட்டமாகப் போய்ப் பெரிய மேடத்தின் அறையில் உட்கார்ந்துவிட்டார்கள். மெசேஜ் அம்மாதான் முன்னால். மறுநாள் அறிவிப்புப் பலகையில், பிள்ளைகளின் நலன் கருதி விரல் மிஸ்ஸே வகுப்பைத் தொடர்வார் என்று, என்னவோ தன் யோசனை மாதிரி, பெரிய மேடம் கையெழுத்துப் போட்டு ஒட்டியிருந்தார். எனக்குத் தனியாக ஒரு விளக்கக் கடிதம் கேட்டார். கொடுத்தேன். அது கிடக்கட்டும்.

நான் விரல் மிஸ்ஸைத் தேடிக்கொண்டு போனேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நன்றியை எதிர்பார்த்துத்தான் போனேன். நகல் கடையில் காகிதக் கட்டுக்குப் பின்னால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரிக்கவில்லை.

"மூடின புத்தகத்தை எப்போ பார்த்தீங்க?" என்றாள்.

"உனக்குக் குழந்தை பிறந்து ரெண்டு வாரம் இருக்கும்."

"மூணு மாசம். ஒரு போன் பண்ணியிருக்கலாமே. பதிலுக்கு வந்த பொண்ணுகிட்ட நான் தினமும் பேசியிருப்பேன். பிள்ளையை மடியில போட்டுக்கிட்டே பேசியிருப்பேன்."

"பச்சை உடம்போட இருக்கறவளை எதுக்குத் தொந்தரவு பண்றதுன்னுதான்..."

"நான் பிள்ளையைத்தான் பெத்தேன். மூளையைக் கழட்டி ஆஸ்பத்திரியில வெச்சுட்டு வரலை" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை. "மேடமாவது என் கிளாஸைப் பிடுங்கப்போறேன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. நீங்க என்னைக் கேக்காமலேயே என்னால முடியாதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. வந்த அன்னிக்கு நான் வந்து சொன்னப்போ, அப்படியான்னு கேட்டீங்களே."

குழந்தை பாலை விட்டுத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. ஊரில் எல்லார் மேலும் வருகிற கோபம் எனக்கு அன்று அந்த ஸ்டூலுக்கு முன்னால் வரவேயில்லை. அவள் கேட்டதில் எதைத் தப்பு என்று சொல்வது?

ஆண்டு முடிவதற்குள் இருபத்தெட்டில் இருபத்தாறு பேர் தனியாகப் படித்தார்கள். மீதி இரண்டு பேரை விடுமுறையில் வீட்டுக்கு வரச்சொல்லி, குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தாள் என்று நாத்தனார் சொன்னாள். நாங்கள் இப்போதும் அடுத்தடுத்த அறைதான். மார்க்கர் கேட்டால் கொடுக்கிறாள், வாங்கிக்கொள்கிறாள், பார்த்தால் தலையசைக்கிறாள். அக்கா என்று மட்டும் கூப்பிடுவதில்லை. மிஸ் என்கிறாள்.